ஓடும்போது மூச்சு அடைக்குதா? எல்லாமே ஆஸ்துமா இல்லை

இன்னைக்கு எபிசோடில் கொஞ்சம் சொந்தக் கதையும் இருக்கு.

காலேஜில் நான் 800 மீட்டர் ஓடுவேன். இரண்டாவது சுற்றில், கடைசி 200 மீட்டர் இருக்கும்போது யாரோ தொண்டையை நெரிக்கிற மாதிரி இருக்கும். மூச்சை உள்ளே இழுத்தால் கீச்சென்று ஒரு சத்தம். நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் சரியாகிடும். "உனக்கு பயம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றார் கோச். டாக்டர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் இழுத்தேன், டோஸும் ஏறியது. எந்த மாற்றமும் இல்லை. ஓடுவதை விட்டுட்டேன்.

அது ஆஸ்துமா இல்லை என்று தெரிய ஆறு வருஷம் ஆச்சு.

முதல்ல நுரையீரல் விஷயத்தைப் பார்ப்போம். சும்மா இருக்கும்போது காற்று மூக்கு வழியாகச் சூடாகி, ஈரமாகி உள்ளே போகும். வேகமாக ஓடும்போது வாயால் நிறைய காற்றை இழுக்கிறோம். மூச்சுக்குழாயின் உள்சுவர் காயத் தொடங்கும். உடனே அங்கிருக்கும் செல்கள் ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்களை விடும், சுற்றியுள்ள தசை சுருங்கும். குளிர்ந்த, வறண்ட காற்றில் போட்டியிடும் ஸ்கீயிங் வீரர்களுக்கு இது அதிகம் வர இதுதான் காரணம். நீச்சல் வீரர்களுக்கும் வரும், அங்கே வில்லன் குளோரின்.

கவனிக்க வேண்டியது நேரத்தை. இந்தச் சுருக்கம் பெரும்பாலும் ஓடி முடித்த பிறகு, 5 முதல் 15 நிமிஷத்தில்தான் உச்சத்துக்குப் போகும். இருமல், இளைப்பு எல்லாம் வரும். ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிடும்.

எனக்கு இருந்தது வேற. மூச்சை இழுக்கும்போது குரல்வளை நன்றாகத் திறக்கணும். சிலருக்கு, குறிப்பாக டீன் ஏஜ் பெண்களுக்கு, உச்ச வேகத்தில் அது மூடிக்கொள்ளும். ஓடும்போதே வரும், நின்றதும் போகும், சத்தம் உள்மூச்சில் கேட்கும். இன்ஹேலர் மருந்து மூச்சுக்குழாய் தசையைத்தான் தளர்த்தும். தொண்டையில் அதுக்கு வேலையே இல்லை.

ஆனா அறிகுறியை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீங்க, ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். சும்மா உட்கார்ந்து ஊதும் டெஸ்ட் நார்மலாக வந்தாலும் போதாது. ஆறு முதல் எட்டு நிமிஷம் கடுமையாக ஓடவைத்து, முன்னும் பின்னும் ஊதச் சொல்லணும். முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் அது நுரையீரல் பிரச்சனை. தொண்டை என்றால், மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு ஓடவோ சைக்கிள் மிதிக்கவோ வைப்பாங்க. இது எல்லா ஊரிலும் கிடைக்காது. நான் மிதித்தேன். பார்க்கவே காமெடியாக இருந்திருக்கும். ஆனால் ஸ்கிரீனில் என் குரல்வளை மூடுவதைப் பார்த்ததும் அழுதுட்டேன். பயம் இல்லைல்ல?

நுரையீரல் பிரச்சனைக்கு வழி தெளிவு. ஓடுவதற்கு 10–15 நிமிஷம் முன்னாடி சால்ப்யூட்டமால், கூடவே நல்ல வார்ம்-அப். தினமும் அது தேவைப்பட்டால் ஸ்டீராய்டு இன்ஹேலர் பற்றி டாக்டரிடம் பேசணும். இந்த ஆஸ்துமாவோடுதான் பவுலா ராட்கிளிஃப் 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். போட்டிக்குப் போறவங்க ஊக்கமருந்து விதியைப் பாருங்க: இன்ஹேலரில் 24 மணி நேரத்துக்கு 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் கூடாது. மாத்திரையாக எடுக்க அனுமதி இல்லை.

தொண்டைக்கு மருந்தைவிட பயிற்சிதான். ஸ்பீச் தெரபிஸ்ட் தோளைத் தளர்த்தி, வயிற்றால் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார். மாசக்கணக்கில் ஆச்சு.

இன்னொன்று. ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் இந்த எபிசோடை நிறுத்திட்டு முதலில் இதயத்தைக் காட்டுங்க. வெறும் களைப்பு, மூச்சு வாங்குவது என்றால் ரத்தசோகையும் பாருங்க.

இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் 5 கிலோமீட்டர் ஓடுறேன். அந்த கேமரா வீடியோவை கோச்சுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது, பதில் இன்னும் வரல.