கோடரிக்குத் தப்பிய மரமும் காற்றில் வரும் துருவும்

மலையகத்தின் கோப்பி இலைகளில் 1869ஆம் ஆண்டு செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய துரு நோய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அப்பயிர்ச்செய்கையையே வீழ்த்தித் தேயிலைக்கு வழிவிட்ட வரலாற்றை நாம் அறிவோம். துருப் பங்கசு வகையைச் சேர்ந்த மற்றொன்று இன்று அவுஸ்திரேலியாவில் ஒரு மரவினத்தையே அழிவின் விளிம்பிற்குத் தள்ளியுள்ளது.

பிரேசிலின் கொய்யா மரத்திலிருந்து 1884இல் விபரிக்கப்பட்ட இப்பங்கசு, மிர்ட்டில் துரு என அழைக்கப்படுகின்றது. கொய்யா, ஜம்பு, யூகலிப்டஸ் ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பமே இதன் இலக்காகும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2010இல் இது கண்டறியப்பட்டது. அம்மாநிலத்தினதும் குயின்ஸ்லாந்தினதும் கிழக்குக் கரையோரக் காடுகளில் பரவலாகக் காணப்பட்ட 'நாட்டுக் கொய்யா' மரம், பத்தே ஆண்டுகளில், அதாவது 2020இல், மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக மத்திய அரசினால் பட்டியலிடப்பட்டது.

துரு முதிர்ந்த இலைகளை விடுத்து இளந்தளிர், பூ, பிஞ்சு ஆகியவற்றையே தாக்குகின்றது. பட்ட மரத்தின் வேரிலிருந்து எழும் முளைகளும் மீண்டும் மீண்டும் கருகுகின்றன. விதை உருவாகாததால் அடுத்த தலைமுறை இல்லை.

உயிருள்ள தாவரத்திலன்றி வாழவியலாத பங்கசு, தன்னைத் தாங்கும் மரத்தையே அழிப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் உலகளவில் 480இற்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இதற்கு இடமளிக்கின்றன. ஓரினம் அழிந்தாலும் பங்கசுக்கு இழப்பில்லை. மரத்திற்கோ அக்காடுகளைத் தவிர வேறு புகலிடமில்லை. காற்றிலும் உடையிலும் நாற்றுகளிலும் பயணிக்கும் வித்திகளுக்கு எல்லைகள் கிடையாது. மரம் நின்ற இடத்தைவிட்டு நகராது. நாற்றுமேடையில் மருந்து தெளிக்கலாம். காடு முழுவதும் தெளிப்பது சாத்தியமன்று.

கோடரியைத் தடுக்கச் சட்டம் உண்டு; உள்ளே நுழைந்துவிட்ட வித்தியைத் தடுக்கச் சட்டமில்லை. எனவே துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் செய்யப்படும் தாவரத் தொற்றுக்காப்பே உறுதியான அரணாகும். நமது நாட்டில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதற்கென்றே உள்ளது. வெளிநாடு சென்று திரும்பும் நம்மவர், பயணப் பொதிக்குள் ஒரு நாற்றையோ தண்டையோ மறைத்துக் கொண்டுவருவதைச் சிறு விடயமாகக் கருதலாகாது. கோப்பியை இழந்தபோது அந்நிலத்தில் நடுவதற்குத் தேயிலை இருந்தது. காட்டு மரத்திற்கு மாற்றுப் பயிர் கிடையாது.