காசில்லாத காலத்தில் காசுக் கணக்கு

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காடாம்புலியூர் இருக்கிறது. முந்திரியும் பலாவும் செழித்த பூமி. இந்தச் சாலையில் உள்ள எந்தப் பெட்ரோல் பங்கின் விலைப் பலகையைப் பார்த்தாலும், ரூபாய்க்குப் பின்னே ஒரு புள்ளியும், அதன் பின்னே இரண்டு இலக்கங்களும் தவறாமல் நிற்கும். சென்னையில் 2022 மே 22 முதல் 2024 மார்ச் நடுப்பகுதி வரை ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை 102 ரூபாய் 63 காசு. இந்த 63 காசை எந்த நாணயத்தால் கொடுப்பது?

25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாதவையாகிவிட்டன. 50 காசு சட்டப்படி செல்லும். ஆனால் கடைத்தெருவில் அதைக் கையில் வாங்குவோர் இல்லை. முன்னாளில் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு பைசல்லி. ஒரு ரூபாயின் 192-ல் ஒரு பங்கையும் ஏழை தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ள முடிந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நூறு நயா பைசா கொண்ட ரூபாய் வந்தபோதும் ஒரு காசு என்பது கண்ணால் காணும் பொருளாகவே இருந்தது. இன்று காசு மறைந்துவிட்டது; காசுக் கணக்கு மட்டும் மறையவில்லை. எரிபொருளுக்கு மட்டும் ஏன் இந்தப் பின்னக் கணக்கு என்று ஜனங்கள் கேட்பது நியாயமே.

இது வெறும் ஏமாற்று வித்தை என்று சொல்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. விலை பிறக்கும் விதத்தைப் பார்த்தால் பின்னம் தானாகவே வந்து சேர்வது புலப்படும். கச்சா எண்ணெய் பீப்பாய்க் கணக்கில், டாலரில் விலை பேசப்படுகிறது. ஒரு பீப்பாய் சுமார் 159 லிட்டர். அதை ரூபாயாக்கி, லிட்டராக்கி, சுத்திகரிப்பும் வண்டிக் கூலியும் சேர்த்து, மத்திய சர்க்காரின் கலால் வரியையும் விற்பனையாளர் கமிஷனையும் கூட்டி, அதன் மேல் ராஜ்ய வரி விதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரி குறைக்கப்பட்டபோது, அது நூற்றுக்கு 13 வீதமும், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் என்று நிர்ணயிக்கப்பட்டது. இத்தனை பெருக்கல் வகுத்தல்களுக்குப் பிறகு முழு ரூபாய் வந்து நின்றால்தான் ஆச்சரியம்.

இரண்டாவது காரணம் அளவின் பெருக்கம். 12,000 லிட்டர் கொள்ளும் டாங்கர் லாரி ஒன்றில் லிட்டருக்கு ஒரு காசு என்பது 120 ரூபாய்; 63 காசு என்பது 7,560 ரூபாய். சில்லறையாக வாங்குபவருக்குத் தூசாகத் தோன்றுவது, மொத்தமாக விற்பவருக்கு மூட்டையாகிறது.

இதற்குச் சாட்சி தேடி நாம் தூரம் போக வேண்டியதில்லை. காடாம்புலியூருக்கு அடுத்தாற்போல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்கப்படுகிறது. அந்த நிலக்கரியை எரித்து உண்டாக்கும் மின்சாரத்தை மின்வாரியங்களுக்கு விற்கும்போது, எரிபொருளுக்கான கட்டணத்தை யூனிட்டுக்கு ரூபாயில் மூன்று தசம ஸ்தானம் வரை கணக்கிட வேண்டும் என்பது மத்திய மின்சார ஒழுங்குமுறைக் கமிஷனின் விதி. அதாவது காசில் பத்தில் ஒரு பங்கு. நெய்வேலியின் புதிய அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் யந்திரங்கள் இரண்டு உள்ளன. அவை முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் பத்து லட்சம் யூனிட். காசில் பத்தில் ஒரு பங்கு தவறினாலும் மணிக்கு 1,000 ரூபாய், நாளுக்கு 24,000 ரூபாய் யாரோ ஒருவர் பையிலிருந்து போய்விடும். ஆகவே இங்கே பின்னம் என்பது நேர்மையின் அளவுகோலேயாகும்.

அமெரிக்காவிலோ கதை வேறு. அங்கே காலன் விலையின் கடைசியில் ஒரு சென்டில் பத்தில் ஒன்பது பங்கு ஒட்டிக்கொண்டிருக்கும். 1919-ல் ஆரகன் ராஜ்யமும், 1932-ல் ஐக்கிய சர்க்காரும் காலனுக்கு ஒரு சென்ட் வீதம் பெட்ரோல் வரி விதித்தன. எண்ணெய் மலிவாக விற்ற அக்காலத்தில் ஒரு சென்ட் என்பதே பெரிய தொகை. போட்டி சென்டின் பின்னத்திலேயே நடந்தது. இன்று விலை பன்மடங்காகியும் அந்த ஒன்பது அகலவில்லை. ஒரு சென்ட் நாணயம் அச்சிடுவதையே அமெரிக்கா 2025 நவம்பரில் நிறுத்திவிட்டது. நாணயமே இல்லாத பின்னம் மட்டும் பலகையில் நிற்கிறது. கணக்குக்காக வந்தது, கண்ணை மயக்குவதற்காகத் தங்கிவிட்டது. பின்னம் யாருக்கு உதவுகிறது என்பதே கேள்வி.

நம் நாட்டில் மொபெட்டில் வரும் விவசாயி லிட்டர் கணக்கில் கேட்பதில்லை. "நூறு ரூபாய்க்குப் போடப்பா" என்கிறார். விலை ஏறினாலும் அவர் கொடுப்பது அதே நூறு ரூபாய். குறைவது வண்டி ஓடும் தூரம். கையில் டப்பாவோடு வந்து ஐந்து லிட்டர் வாங்கியவர் 102 ரூபாய் 63 காசு வீதம் 513 ரூபாய் 15 காசு தர வேண்டியிருந்தது. சில்லறை இல்லை என்ற சொல்லோடு அது 514 ஆவதும் உண்டு. கைப்பேசி வழியே பணம் கட்டுபவர் 15 காசையும் சரியாகச் செலுத்திவிடலாம். கைப்பேசி இல்லாத ஏழைக்கு அந்தச் சௌகரியமும் இல்லை.

ஆயினும் இந்தச் சில்லறையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசலுக்கு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாறும் முறை நாடெங்கும் வந்தது. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் காசு காசாக ஜனங்களைச் சேரும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். நடந்தது என்ன? 2021 நவம்பர் 4-க்குப் பிறகு 137 நாள் விலை அசையவில்லை. இடையே ஐந்து ராஜ்யங்களில் தேர்தல் நடந்தது. பின்னர் 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை பதினாறு நாட்களில் பதினான்கு முறை விலை ஏறியது. ஒவ்வொரு முறையும் டில்லியில் 80 காசு, அல்லது அதற்குக் குறைவு. கூட்டினால் லிட்டருக்குப் பத்து ரூபாய். டில்லியில் நூறு ரூபாய்க்கு 1.05 லிட்டர் வாங்கியவர், பதினாறாம் நாள் 0.95 லிட்டர் வாங்கினார்.

1973 நவம்பரில் பெட்ரோல் விலை ஏற்றத்தைக் கண்டித்து ஸ்ரீ வாஜ்பாயி மாட்டு வண்டியில் பார்லிமெண்டுக்குச் சென்றார். சர்க்கார் ஒரே நாளில் அறிவித்த ஏற்றம் அது; எதிர்ப்பதற்கு ஒரு நாளும் ஒரு முகவரியும் இருந்தன. இன்று 80 காசுக்காக யார் மாட்டு வண்டி பூட்டுவார்? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல்லுக்குத் தான் தேய்வது தெரிவதில்லை.

இறங்கும்போது இந்தக் காசுக் கணக்கின் நுட்பம் எங்கே போயிற்று? 2022 மே மாதத்தில் மத்திய சர்க்கார் கலால் வரியைக் குறைத்தது வாஸ்தவம், அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு 2024 மார்ச் 15 வரை, கச்சா எண்ணெய் பலமுறை ஏறியும் இறங்கியும், சென்னைப் பலகையில் அந்த 63 காசு அசையாமல் நின்றது. அப்போது டில்லியில் வந்த குறைப்பும் துல்லியமாக இரண்டு ரூபாய். மறுநாள் பார்லிமெண்டுத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் மாறாத விலைக்கு நாள்தோறும் மாறும் விலையின் வேஷம் எதற்கு?

ஆகவே பின்னத்தை ஒழித்து முழு ரூபாயாக்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் மேல்நோக்கியே முழுமையாக்குவார்கள் என்பதை அனுபவம் கற்பித்திருக்கிறது. நாம் கேட்பது மூன்று. எண்ணெய்க்கு எவ்வளவு, மத்திய வரி எவ்வளவு, ராஜ்ய வரி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்பதை ஒவ்வொரு பங்கிலும் விலையின் அருகிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். டில்லி விலைக்கு எண்ணெய்க் கம்பெனிகள் இத்தகைய கணக்கை வெளியிட்டதுண்டு. காடாம்புலியூருக்கு அது முடியாது என்பது சாக்கு. அடுத்து, ஏறும்போது எந்த விதியோ இறங்கும்போதும் அதே விதி இருக்க வேண்டும். மூன்றாவது, ரொக்கம் கொடுப்பவரிடம் காசைக் கீழ்நோக்கியே தள்ள வேண்டும்.

காசுதானே என்று அலட்சியம் செய்வது நமது ஊழியர்களுக்கு அழகல்ல. உப்பு வரியும் ஒருவர் தலைக்குச் சொற்பத் தொகையாகவே தோன்றியது. ஆயினும் 1930-ல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்தார்கள். எல்லோரும் வாங்கித் தீர வேண்டிய பொருளின் மீது விழும் காசு சிறிய காசல்ல என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்த உணர்வோடு அடுத்த முறை விலைப் பலகையைப் பாருங்கள். புள்ளிக்குப் பின்னால் நிற்கும் இரண்டு இலக்கங்களுக்கும் கணக்குக் கேளுங்கள்.