கட்சியும் கதையும் – 7: மூன்று வாயில் கருவறை

ஒரு நாவலின் தரத்தை எடைபோடும் தராசைத் திறனாய்வாளரின் அரசியல் எந்த அளவுக்குச் சாய்த்துவிடும் என்பதற்கு, ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ பெற்ற வரவேற்பைப்போலத் தெளிவான சான்று அண்மைக்காலத் தமிழ் இலக்கியத்தில் அரிது. அந்த வரவேற்பை ஆராயத் திருவண்ணாமலை பொருத்தமான இடம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதி, 1896இல் இவ்வூருக்கு வந்து 1950இல் மறைந்த ரமணரை நாடி உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து தங்கும் இடமாக இருக்க, அதே ஊரில்தான் 1975இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் விடிய விடியக் கலை இலக்கிய இரவுகளை நடத்தி, செங்கொடிக்கும் இலக்கியத்துக்குமான உறவை வளர்த்தது. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் ஆசிரமத்துக்கு வந்து சென்று, ரமணரின் சாயல் கொண்ட ஒரு குருவை 1944இல் வெளியான ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலில் படைத்தார். ரஷ்யப் புரட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான புகாரின் மாஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே 1938இல்தான். ஞானத் தேடலும் புரட்சியின் சறுக்கலுமாகிய இவ்விரண்டுமே அறுபது ஆண்டுகள் கழித்து ஒரே தமிழ் எழுத்தாளரின் அடுத்தடுத்த இரு நாவல்களுக்குக் கருவாயின.

‘விஷ்ணுபுரம்’ வெளிவந்த ஆண்டு 1997. பாபர் மசூதி இடிக்கப்பட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்த அன்றைய சூழலில், கோயில் நகரம் ஒன்றை மையமாகக் கொண்டு, வடமொழிச் சொற்கள் செறிந்த நடையில், சாத்திர விவாதங்களைப் பக்கம் பக்கமாக விரித்த ஒரு பெருநாவலை இடதுசாரித் திறனாய்வாளர்களுள் ஒரு சாரார் இந்துத்துவப் படைப்பு என்றே அடையாளப்படுத்தினர். இளமையில் ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தோடு இருந்த தொடர்பை ஆசிரியரே வெளிப்படையாகச் சொல்லியிருந்ததும் அந்தத் தீர்ப்புக்கு வலுச்சேர்த்தது. ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் 1960களின் இறுதியில் முன்வைத்த ஏற்புக் கோட்பாடு, அதாவது ஒரு படைப்பின் பொருள் அதைப் படிப்பவர் முன்கூட்டியே கொண்டுவரும் எதிர்பார்ப்புகளோடு சேர்ந்தே உருவாகிறது என்னும் கருத்து, இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. 1997இன் வாசகர் கோயில் என்ற சொல்லைக் கண்டதும் அயோத்தியை நினைத்தார் என்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த அச்சத்துக்கு நியாயமும் இருந்தது.

ஆனால் நாவலுக்குள் இருப்பது என்ன? விஷ்ணுபுரத்தின் மூலவர் மல்லாந்து கிடக்கும் மிகப் பெரிய கருங்கல் திருமேனி. ஒரே பார்வையில் முழுவதையும் காண இயலாதபடி, பாதத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என மூன்று வாயில்கள் வழியாகவே தரிசிக்க முடியும். நாவலின் மூன்று பகுதிகளும் ‘ஸ்ரீபாதம்’, ‘கௌஸ்துபம்’, ‘மணிமுடி’ என்றே பெயர் பெற்றுள்ளன. அந்தத் திருமேனியையோ அம்மண்ணின் பழங்குடியினர் தங்கள் மூதாதை என்று நம்புகிறார்கள். நகரத்தின் ஞானசபையில் நடக்கும் பெருவிவாதத்தில் வெல்பவர் அஜிதன் என்ற பௌத்தர். இறுதியில் பிரளயம் வந்து கோயிலையும் நகரையும் அவற்றின் அதிகாரத்தையும் ஒருசேர அழிக்கிறது. பழங்குடித் தெய்வத்தை வைதிகம் எடுத்துக்கொண்டதையும், சமய நிறுவனம் உள்ளுக்குள் சீரழிவதையும் இவ்வளவு விரிவாக எழுதிய ஒரு நூலைக் கோயில் அரசியலின் கொடியாக ஏந்துவது எளிதன்று. பாதத்தின் வாயிலில் நின்றே பலர் தீர்ப்பெழுதிவிட்டனர் என்பதே இக்கட்டுரையின் கணிப்பு.

இரண்டாண்டுகள் கழித்து, 1999இல், ‘பின் தொடரும் நிழலின் குரல்’ வந்தது. அருணாசலம் என்னும் தொழிற்சங்கத் தலைவர், கட்சியால் ஒதுக்கப்பட்டு மறக்கடிக்கப்பட்ட வீரபத்ர பிள்ளை என்பவரின் எழுத்துகளைக் கண்டெடுத்து, அவற்றின் வழியே புகாரினின் முடிவைச் சென்றடைவதே அதன் கதை. சோவியத் அரசே 1988இல் புகாரினைக் குற்றமற்றவர் என்று ஏற்றுக்கொண்டுவிட்ட போதிலும், அக்கேள்வியைத் தமிழில் எழுப்பிய நாவல் கட்சி சார்ந்த வாசகர் பலருக்குப் பகைவரின் ஆவணமாகவே தோன்றியது. மறுபுறம், பொதுவுடைமையை வெறுத்தவர்களோ அதை ஓர் ஆயுதமாகக் கையிலெடுத்து மகிழ்ந்தார்கள். இலட்சியத்தை நம்பி வாழ்நாளைக் கொடுத்தவர்கள்மீது அந்நாவல் கொண்டிருக்கும் ஆழ்ந்த பரிவு அவர்கள் கண்ணில் படவே இல்லை. புகழ்ந்தவரும் இகழ்ந்தவரும் ஒரே தவற்றைச் செய்தனர்.

இதனால் அரசியல் சார்ந்த திறனாய்வே கூடாது என்று முடிவுகட்டுவது பெரும்பிழையாகும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையைப் பின்னணியாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1977இல் சாகித்திய அகாதமி விருது பெற்றபோது, நிலக்கிழாரின் ஆண்மைக் குறைபாட்டை அவரது வன்முறைக்குக் காரணமாகக் காட்டுவது கூலிக்கும் சாதி ஒடுக்குமுறைக்கும் எதிராக நடந்த போராட்டத்தைத் தனிமனித உளவியலாகச் சுருக்கிவிடுகிறது என்று இடதுசாரிகள் கண்டித்தனர். அந்தக் கண்டனம் நாவலின் உள்ளமைப்பையே சுட்டிக்காட்டிப் பேசியது; நூலைப் படித்தவர் மட்டுமே அதைச் சொல்லியிருக்க முடியும். வர்க்கப் பார்வை இல்லாத திறனாய்வாளருக்கு அந்தக் குறை தென்பட்டிருக்கவும் வாய்ப்பில்லை. ‘விஷ்ணுபுரம்’ விவகாரத்தில் காணக் கிடைக்காதது இந்த உழைப்புத்தான்.

இத்தகைய பிளவுகள் நூல் வெளியீட்டுக் களத்தில் அப்படியே நீடிக்கவில்லை. முற்போக்கு எழுத்தாளர் இயக்கத்தில் நெடுங்காலம் செயல்பட்ட பவா செல்லதுரையின் குடும்பம் திருவண்ணாமலையில் நடத்தும் வம்சி புக்ஸ் பதிப்பகமே, ஜெயமோகனின் ‘அறம்’ சிறுகதைத் தொகுப்பை 2011இல் வெளியிட்டது. விளிம்புநிலைச் சமூகத்தில் பிறந்து ஆட்சிப்பணி அதிகாரியாகும் ஒருவர் நாற்காலிக்காகவும் தாய்க்காகவும் படும் துயரத்தைச் சொல்லும் ‘நூறு நாற்காலிகள்’ அத்தொகுப்பில் உள்ள கதைகளுள் ஒன்று. ‘விஷ்ணுபுரம்’ எழுதியவரின் கதை என்று தெரிந்தே அதை அச்சிட ஓர் இடதுசாரிக் குடும்பம் முன்வந்தது, இவ்வூரின் இலக்கியச் சூழலுக்குப் பெருமை சேர்க்கும் செய்தி.

‘குருதிப்புனல்’ எழுப்பிய விவாதத்தை அடுத்த இதழ் விரிவாக எடுத்துக்கொள்ளும். அதற்குள் வாசகர்கள் ‘விஷ்ணுபுரத்தின்’ முதல் பகுதியையாவது படித்துவிட வேண்டும். மறுப்பவர்களும் மூன்றாவது வாயில்வரை சென்று பார்த்துவிட்டு மறுக்க வேண்டும்.