ட்ரை பைக்கா, ரோடு பைக்கா? மேட்டூர் ரோட்டுல வச்சுப் பார்ப்போம்

போன வாரம் பவானில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாப்ல. "அண்ணா, கோவா அயர்ன்மேன் 70.3-க்குப் பேர் குடுக்கப் போறேன். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருசந்தான் ஆச்சு. ட்ரை பைக் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், மூணு லட்சத்துக்கு மேல வருது, இஎம்ஐ போடணும். வாங்கலாமுங்களா, இல்ல கையில இருக்கற ரோடு பைக்கே போதுமுங்களா?"

என் ஊரும் பவானிதான். அவர் எந்த ரோட்டுல ஓட்டுவார்னு எனக்குத் தெரியும். அதனால இதுக்கு ஒரு எபிசோடே போட்டுடலாம்னு தோணுச்சு.

முதல்ல, அந்த 70.3 மைல் கணக்கு. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். கோவால இது 2019 அக்டோபர்ல தொடங்குச்சு. இந்த ரேஸ்ல முன்னாடி போறவர் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுட்டு ஓட்டக் கூடாது, 12 மீட்டர் இடைவெளி விடணும். அதாவது காத்தை நீங்களே கிழிச்சுட்டுப் போகணும். ட்ரை பைக்னு ஒண்ணு இருக்கறதே இதுக்காகத்தான். ஒலிம்பிக் ட்ரையத்லான்ல பின்னால ஒட்டி ஓட்டலாம், அதனால அங்க எல்லாருமே ரோடு பைக்தான்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரோடு பைக்ல சீட் குழாய் தரையோட ஏறக்குறைய 73 டிகிரில சாஞ்சிருக்கும். ட்ரை பைக்ல 76-ல இருந்து 80 வரைக்கும் நிமிந்து நிக்கும். சீட் முன்னால வந்துடறதால, நீங்க முழங்கையை ஊனி நல்லாக் குனிஞ்சாலும் தொடை வயித்துல இடிக்காது. மூணு மணி நேரம் அப்படியே கிடக்கலாம். ஹேண்டில்ல முன்னால நீட்டிட்டிருக்கற ரெண்டு கம்பிதான் ஏரோ பார்.

இப்பக் கொஞ்சம் கணக்கு. சைக்கிள்ல காத்துத் தடைல பெரும்பங்கு நம்ம உடம்புதான், வண்டி இல்ல. அதோட, காத்தைத் தள்ள வேணுங்கற பவர் வேகத்தோட கனத்துல ஏறும். வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு. சாதாரணமா ஓட்டறப்போ உங்க இழுவைப் பரப்பு 0.35 சதுர மீட்டர், ஏரோ பார்ல குனிஞ்சா 0.28-ன்னு வச்சுக்கங்க. இது நான் எடுத்த எண், ஆளுக்கு ஆள் மாறும். மணிக்கு 30 கிலோமீட்டர்ல 23 வாட் மிச்சம். 20 கிலோமீட்டர்ல 7 வாட்தான். திம்பம் மலைல 27 கொண்டை ஊசி வளைவையும் 10 கிலோமீட்டர் வேகத்துல மூச்சு வாங்க ஏறுறீங்கன்னா, ஒரு வாட்கூடத் தேறாது.

90 கிலோமீட்டர் சமதளம், முப்பதுல ஓட்டற ஆளுன்னா, அதே உழைப்புல ஏறக்குறைய 12 நிமிசம் குறையும். சின்ன விசயம் இல்ல. ஆனா கவனிங்க, அந்த 12 நிமிசம் குனியறதால வர்றது. வண்டி விலையால வர்றது இல்ல.

இதுக்கு 1989 டூர் டி பிரான்ஸை விட நல்ல சாட்சி கிடையாது. கடைசி நாள், வெர்சாய்ல இருந்து பாரிஸ் வரைக்கும் 24.5 கிலோமீட்டர் தனி ஓட்டம். லாரன்ட் ஃபினியோன் 50 விநாடி முன்னால இருந்தார். கிரெக் லெமாண்ட், ட்ரையத்லான்காரங்க அப்போ பயன்படுத்திட்டிருந்த கம்பியை ஹேண்டில்ல மாட்டிட்டு வந்து, மொத்தத்துல 8 விநாடில டூரையே ஜெயிச்சார். ஃபினியோன்கிட்ட அந்தக் கம்பி இல்ல. கம்பி மட்டுமே ஜெயிச்சுக் குடுத்துச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா 8 விநாடிக்கு அது போதும்.

லெமாண்டுக்கு போலீஸ் அடைச்சு வச்ச ரோடு. நமக்கு? பவானில இருந்து அம்மாப்பேட்டை வழியா மேட்டூர் போய்ட்டு வந்தா கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், காவேரிக் கரை, 70.3 பயிற்சிக்குன்னே அளந்து போட்ட மாதிரி. நான் நண்பனோட ட்ரை பைக்கை வாங்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அங்க போனேன். ஊராட்சிக்கோட்டை தாண்டி, சூப்பரா குனிஞ்சுட்டு 32-ல போயிட்டிருக்கேன். தோட்டத்து வழில இருந்து ஒருத்தர் எக்ஸ்எல் வண்டில புல்லுக்கட்டோட திடீர்னு ரோட்டுக்கு ஏறிட்டார்.

இங்கதான் கடைக்காரங்க அழுத்திச் சொல்லாத விசயம் வருது. ட்ரை பைக்ல கியர் ஏரோ பார் நுனில இருக்கும், பிரேக் கீழ இருக்கற அகல ஹேண்டில்ல இருக்கும். குனிஞ்சிருக்கறப்போ உங்க விரல் பிரேக்ல இல்ல. கையை மாத்த ஒரு விநாடி ஆச்சுன்னா, 32 வேகத்துல 9 மீட்டர் போயிருப்பீங்க. அன்னைக்கு மண்ணுல இறங்கித் தப்பிச்சேன். அவர் திரும்பிப் பார்த்து, "பாத்துப் போ கண்ணு"ன்னுட்டுப் போயிட்டார்.

அப்புறம் ஆடிக் காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற மேல்காத்துல பெருந்துறைப் பக்கம் ஹைவேல போனா, உயரமான ரிம் போட்ட ட்ரை பைக் பக்கவாட்டுல தள்ளும். முழங்கைல ஊனிட்டு அதைத் திருப்பிப் பிடிக்கறது லேசு இல்ல. கோவைப் பக்கம் குரூப் ரைடு போறதா இருந்தாலும் இதேதான்: கூட்டத்துக்கு நடுவுல பிரேக்ல கை இல்லாத ஆளை யாருக்கும் பிடிக்காது.

அதனால தம்பி, இஎம்ஐ இப்ப வேண்டாம். இருக்கற ரோடு பைக்ல சில ஆயிரத்துல கிளிப்-ஆன் ஏரோ பார் மாட்டுங்க. ஹேண்டில் உருண்டைக் குழாயா இருந்தா நல்லா உக்காரும். தட்டையான ஹேண்டில், கார்பன் ஹேண்டில்னா கம்பெனி அனுமதிக்குதான்னு பார்த்துட்டு மாட்டுங்க. சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளணும், இல்லன்னா முதுகு இழுக்கும். இதுக்கு ஒரு பைக் ஃபிட்டருக்குக் காசு குடுங்க, அது வீண் போகாது. ட்ரை பைக் அளவுக்குச் சுகமா இருக்காதுதான். ஆனா முள்ளம்பட்டி மாதிரி ஊருக்குள்ள வர்றப்போ கை பழையபடி பிரேக்குக்கு வந்துடும், அந்தியூர் தாண்டி பர்கூர் மலையும் ஏறலாம்.

ரெண்டு ரேஸ் முடிச்சு, அப்பவும் இதே பைத்தியம் இருந்து, வீட்டுக்குள்ள ட்ரெய்னர்ல பாதிப் பயிற்சி ஓட்டறீங்கன்னா, ட்ரை பைக்கைப் பத்திப் பேசலாம். செகண்ட் ஹேண்டுல. கோவா முடிச்சுட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அதையும் இங்க போட்டுடறேன்.