புறக்கடைத் தோட்டமும் வீட்டு ஜலமும்

நன்செய் புன்செய்களைச் சீராகப் பார்த்து வரும் குடித்தனக்காரர்கள் பலர், தங்கள் வீட்டின் புறக்கடையை மட்டும் யாருக்கும் பாத்தியதையில்லாத பூமியைப் போல் விட்டுவிடுவது வழக்கமாயிருக்கிறது. ஓர் ஏக்கர் பருத்திக்கு இன்ன நாளில் இன்ன உரம் என்று தடையின்றிச் சொல்லக்கூடியவரின் கொல்லையில், சீமைக் கருவேலும், உடைந்த ஏர்ச் சாமான்களும், பாத்திரம் துலக்கிய ஜலம் தேங்கிய பள்ளமுமே காணப்படுகின்றன. வீட்டுக்கு வேண்டிய கத்தரிக்காயையும் கீரையையும் அவர் சந்தையில் விலைக்கு வாங்குகிறார். வேறு சிலர், கொல்லை முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டு, சுத்தமாயிருக்கிறதென்று திருப்தியடைகின்றனர். இவ்விரண்டில் பின்னதே அதிகக் கெடுதல் என்பது எனது அபிப்பிராயம். கருவேலை வேரோடு தோண்டி எறிய இரண்டு ஆட்கள் போதும்; பணம் செலவிட்டுப் போட்ட தளத்தைப் பெயர்க்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை.

எனது சர்க்கிளில் ஒரு மிராசுதாரர் இவ்விதமே டிராக்டர் நிறுத்துவதற்கென்று கொல்லையைத் தளமாக்கினார். அவ்வீட்டுக் கிணற்றில் பங்குனி மாதத்திலேயே வாளி தரை தட்டத் தொடங்கிற்று. நான் போயிருந்தபோது அவருடைய தாயார், “தம்பி, நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கிணறு சித்திரையிலும் வற்றினதில்லை” என்று வருத்தத்துடன் சொன்னார்கள். ஊரைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் மலிந்து போனது அதற்கு முக்கிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் கூரையிலும் தளத்திலும் விழும் மழை முழுவதும் தெருச் சாக்கடையில் ஓடும்போது, அக்கிணற்றுக்கு வரவு ஏது? 1,000 சதுர அடிக் கூரையின் மேல் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் ஜலம் ஏறக்குறைய 2,360 லிட்டர். கூரை மழையைச் சேமிக்க வேண்டுமென்று 2003-ம் வருஷத்திலேயே தமிழ்நாடு சர்க்கார் எல்லாக் கட்டிடங்களுக்கும் விதித்திருக்கின்றனர். குழாயை மாட்டி அதன் அடியைத் தெருவில் விட்டிருக்கும் வீடுகளையும் நான் பார்த்ததுண்டு.

இனித் தோட்டம் அமைக்கும் விதத்தைக் கூறுவோம். வீடு கிழக்கு வாசலாகவும், அதன் பின்னால் மேற்கே 60 அடி நீளமும் 36 அடி அகலமுமுள்ள கொல்லையும் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இது கிட்டத்தட்ட 5 சென்ட் ஆகும். கிணறு வீட்டை அடுத்து வடகிழக்கு மூலையில் இருக்கிறது. முதலில் கவனிக்க வேண்டியது நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது. புரட்டாசி முதல் பங்குனி வரையில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து செல்வதால், உயர்ந்த மரங்களின் நிழல் வடக்கே விழும். ஆகையால் முருங்கை, பப்பாளி ஆகியவை வடக்கு ஓரத்திலும், தென்னை இரண்டு மேற்கு ஓரத்தில் ஒன்றுக்கொன்று 25 அடி இடைவெளியிலும் நிற்க வேண்டும். காய்கறிப் பாத்திகளுக்குத் தெற்கும் நடுவுமான இடத்தை விட வேண்டும். தென்னையைத் தெற்கு வேலியோரமாக வரிசை வைத்துவிட்டுக் கத்தரி காய்க்கவில்லையென்று விதையைக் குறை கூறுவோர் அநேகர்.

வீட்டின் மேற்குச் சுவரை ஒட்டி 10 அடி அகலத்துக்கு ஒரு பந்தல் போட்டு, அவரை, புடல், பாகல், பீர்க்கு இவற்றை ஏற்றிவிட்டால், பிற்பகல் வெய்யில் சுவரில் படாது. வீட்டின் உள்ளே உஷ்ணம் குறைவதை ஒரு கோடையிலேயே அறியலாம். வேப்ப மரம் அவசியந்தான். எனினும் 5 சென்ட் கொல்லைக்குள் அதன் வேரும் நிழலும் பாத்திகளுக்கு இடைஞ்சலாகும். அதை வேலிக்கு வெளியே வைத்துக்கொள்வது உத்தமம். வேலிக்குக் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு, இடையிடையே கிளிரிசிடியா வைத்தால், முள்கம்பி வாங்கும் செலவு மிஞ்சுவதோடு தழையுரமும் கிடைக்கும்.

முருங்கையில், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உண்டாக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் செடி முருங்கை விதை போட்டு ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். காய்ப்பு ஓய்ந்தபின் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுதாம்பு காய்க்கும். பப்பாளியில் ஆண் மரத்துக்கும் பெண் மரத்துக்கும் காத்திருந்து ஏமாறாமல், கோயமுத்தூர் 3 அல்லது 7 என்னும் இருபால் ரகத்தை நடுவது நலம். அடியில் ஜலம் தேங்கினால் பப்பாளி இரண்டொரு நாளில் வாடிச் சாய்ந்துவிடும். ஆகையால் அதற்கு மேட்டு இடமே வேண்டும்.

அடுத்தது உபயோகித்த ஜலம். இதைப் பற்றியே நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கிராமங்களில் ஆளொன்றுக்குத் தினம் 55 லிட்டர் ஜலம் கொடுக்க வேண்டுமென்பது 2019-ல் ஆரம்பிக்கப்பட்ட ஜல ஜீவன் திட்டத்தின் கணக்கு. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 275 லிட்டராகிறது. இதில் பெரும்பகுதி குளித்ததும் கழுவியதுமாக வெளியே வருகிறது. நன்கு வளர்ந்த வாழை ஒன்றுக்குச் சொட்டு நீராக விட்டால் நாளொன்றுக்குச் சுமார் 15 லிட்டர் போதும். அப்படியானால், தெருவில் விட்டுக் கொசுவை வளர்க்கும் ஜலத்தைக் கொண்டே எட்டுப் பத்து வாழைகளை வளர்த்துவிடலாம் என்பது வெளிப்படை.

ஆனால் இதில் சில நிபந்தனைகள் உண்டு. குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வரும் வாய்க்காலைத் தெற்கு ஓரமாகவே கொண்டு சென்று, தென்மேற்கு மூலையிலுள்ள வாழைக்கு விட வேண்டும். அம்மூலை கிணற்றுக்கு 50 அடிக்கு மேல் தூரமாயிருப்பது ஒரு பெரிய அநுகூலம். வாழைக்கு முன்பாக 6 அடி நீளத்துக்கு ஒரு பள்ளமெடுத்து, அடியில் உடைகல்லும் மேலே மணலும் இட்டு, கல்வாழையும் சேம்பும் நட்டால், எண்ணெய்ப் பசையும் சோப்பு நுரையும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மணலின் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும்போது அதை வழித்தெடுத்துப் புது மணல் போட வேண்டும். எந்த இடத்திலும் ஜலம் ஒரு நாளுக்கு மேல் நிற்கலாகாது. நமது சீதோஷ்ணத்தில் கொசு முட்டை பறக்கும் கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாளே பிடிக்கிறது. துணி துவைக்கும் பவுடர் கலந்த ஜலத்தைக் கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் விடுதல் கூடாது. அதிலுள்ள உப்பு நாளடைவில் மண்ணை இறுகச் செய்யும். கக்கூஸ் ஜலத்தை இவ்வாய்க்காலில் சேர்க்கலாகாதென்று சொல்ல வேண்டியதில்லை.

கூரை மழைக்கு வேறு வழி. முதல் மழையில் வரும் தூசையும் பறவை எச்சத்தையும் வெளியே விட்டுவிட்டு, பின்னர் வருவதைக் கிணற்றருகில் 3 அடி சதுரமும் 5 அடி ஆழமுமுள்ள குழியில் விட வேண்டும். அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, அதற்கும் மேல் மணல். வடகிழக்குப் பருவ மழை ஐப்பசியில் பிடிப்பதற்கு முன்பே, அதாவது புரட்டாசிக்குள், ஓடை தகரங்களிலுள்ள சருகை அள்ளிவிடுவது முக்கியம்.

சருகைக் கொளுத்துவது நமது ஜனங்களுக்கு ஒரு விளையாட்டாயிருக்கிறது. ஸர் ஆல்பர்ட் ஹோவர்டு துரையவர்களும் அவருடன் வேலை செய்த வாட் என்பவரும் 1931-ல் வெளியிட்ட இந்தூர் எரு முறை நமது தேசத்துக் குப்பையையும் சாணியையும் கொண்டே கண்டறிந்ததாகும். வடக்கு ஓரத்து மரநிழலில் 6 அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் இரு குழிகள் எடுத்து, சருகும் சமையற் கழிவும் அரை அடி, அதன்மேல் சாணிக் கரைசலும் சிறிது சாம்பலும் மண்ணுமாக அடுக்க வேண்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் எரு தயார். மழைக்காலத்தில் குழியில் ஜலம் தங்கி அழுகி நாறுமாகையால் தரைமேல் குவியலாகவே போட வேண்டும்.

பூச்சி விஷயத்துக்கு வருகிறேன். வயலில் பருத்திக்கு அடித்து மீந்துபோன விஷ மருந்தைக் கொல்லைக் கத்தரியில் அடிப்பதும், அடுத்த நாளே அதைப் பறித்துச் சமைப்பதும் நமது கிராமங்களில் நடந்து வருகிற காரியம். மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிகளுக்கு உபயோகிக்கலாகாதென்று 2005-ல் இந்திய சர்க்கார் தடை விதித்தனர். 2013 ஜூலையில் பீகார் மாகாணத்துச் சாரண் ஜில்லாவில், அம்மருந்து கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டை உண்டு 23 குழந்தைகள் மாண்டு போயின. விஷ மருந்துப் பாத்திரத்தைக் கழுவி எண்ணெய்க்கும் தானியத்துக்கும் வைத்துக்கொள்ளும் வீட்டார் இதை அறிய வேண்டும். காலி டப்பாவை எவ்வளவு தேய்த்தாலும் அது சமையலறைக்கு ஆகாது.

கொல்லைக்கு வேம்பே போதுமானது. நன்கு காய்ந்த வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் ஜலத்தில் ஓர் இரவு ஊற வைத்து, துணியில் வடிகட்டி, சிறிது காதி சோப்பு கரைத்து மாலை வேளையில் தெளிக்க வேண்டும். வெய்யிலில் அதன் வீரியம் குறைந்துவிடுமாதலின் காலையில் தெளிப்பதில் பிரயோஜனமில்லை. பாத்தியோரத்தில் இரண்டொரு ஆமணக்குச் செடி வைத்தால் வெட்டுப் புழுவின் தாய்ப்பூச்சி அதில் முட்டையிடும். அவ்விலையைக் கிள்ளி அழித்துவிடலாம். வேர் முடிச்சு நூற்புழு உள்ள மண்ணில் செண்டுமல்லியை மாற்றுப் பயிராக வைப்பது பலன் தரும். இவ்வளவும் செய்தாலும் சில காய்கள் சொத்தையாகத்தான் இருக்கும். அவற்றை அரிந்தெறிவதில் என்ன நஷ்டம்?

இத்தோட்டத்தால் சந்தைக்குப் போகவே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு ஸ்தாபனத்தார் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி ஒருவருக்குத் தினம் 400 கிராம் காய்கறியும் கீரையும் வேண்டும். ஐந்து பேருக்கு 2 கிலோ. பாத்திக்கென்று 800 சதுர அடி மட்டுமே மிஞ்சும் கொல்லையில் வருஷம் முழுவதும் அவ்வளவு எதிர்பார்ப்பது மிகை. ஆனால் கீரை, முருங்கையிலை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பப்பாளி இவை குறைவின்றிக் கிடைக்கும். வீட்டுக் குழந்தைகள் உண்ண மாட்டோமென்று ஒதுக்கும் கீரையைத் தாங்களே விதைத்ததென்றால் உண்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

கிராம அதிகாரிகள் தெருச் சாக்கடை எந்தெந்த வீட்டு ஜலத்தால் நிறைகிறதென்று ஒரு நாள் காலையில் நடந்து பார்த்தால், யாரிடம் முதலில் பேச வேண்டுமென்பது தெரிந்துவிடும். ஊரின் ஊருணியில் அச்சாக்கடை போய் விழுமானால் தாமதம் கூடாது. ஆடிப்பட்டத்துக்கு விதைக்க எண்ணுவோர், வைகாசியிலேயே குழியெடுத்து எருவிட்டு ஆற வைக்க வேண்டும். பந்தல் கால்களுக்குக் கல் கிடைக்காவிடில், கிளிரிசிடியாக் கம்புகளையே நட்டுக்கொள்ளலாம். அவை துளிர்த்தாலும் கழித்துத் தழையுரமாகப் பாத்தியில் போட உதவும்.