மார்க்கத்துக்கு ஏற்ற விமானம்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் நகரை அடுத்த நெவார்க் வரையில், வழியில் எங்கும் இறங்காமல் பறப்பதென்றால் சுமார் 15,300 கிலோமீட்டர் தூரம். 2004-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கம்பெனி இந்த மார்க்கத்தில் விட்ட விமானம், நான்கு என்ஜின்களும், 2 லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள் கொள்ளும் தொட்டிகளும் உடைய ஏர்பஸ் ஏ340-500. அதில் 2008 முதல் இருந்தவை 100 ஆசனங்களே. 2013 நவம்பரில் நின்றுபோன அந்தச் சேவை, 2018 அக்டோபரில் ஏ350-900 யுஎல்ஆர் என்னும் புது விமானத்தோடு மீண்டும் தொடங்கிற்று. இதற்கு என்ஜின்கள் இரண்டே, தொட்டியின் கொள்ளளவு 1,65,000 லிட்டர், ஆசனங்கள் 161. தொட்டி நிறைந்திருப்பதாகக் கொண்டு ஆசனக் கணக்குப் பார்த்தால், முன்னதில் தலைக்கு 2,000 லிட்டருக்கு மேல். பின்னதிலோ ஏறக்குறைய 1,025 லிட்டர்.

இந்த வித்தியாசத்துக்கு ஆசனங்கள் அதிகமானது ஒரு காரணம். விமானத்தின் அமைப்பு மற்றொன்று. இரண்டு என்ஜின் விமானங்கள் அவசரத்துக்கு இறங்கும் இடத்தை விட்டு வெகுதூரம் விலகலாகாது என்று முன்பு இருந்த விதி, 1985 முதல் படிப்படியாகத் தளர்ந்தபடியால், நெடுந்தூரப் பிரயாணத்துக்கு இரண்டுக்கு மேற்பட்ட என்ஜின்கள் வேண்டுமென்ற நிர்ப்பந்தம் நீங்கிவிட்டது. அலுமினியத்துக்குப் பதிலாகக் கார்பன் நார்க் கலவையைப் பெருமளவில் கையாண்டதால் உடலின் பாரமும் குறைந்தது. கட்டுச்சோற்று மூட்டையைச் சுமப்பதற்கென்றே கூடுதலாக உண்ண வேண்டியிருக்கும் வழிப்போக்கனைப் போல, நெடுந்தூர விமானமும் தன் எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிபொருளைச் செலவிடுகிறதாகையால், குறைந்த ஒவ்வொரு டன் பாரமும் வழிநெடுகப் பலன் தருகிறது. ஒரு டன் எரிபொருள் எரியும்போது, அதிலுள்ள கரி காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து, சுமார் 3.16 டன் கரியமில வாயுவாக வெளிப்படுகிறது என்பதை நினைத்தால், அந்தப் பலன் கம்பெனியின் லாபத்தோடு நிற்பதல்ல, உலகத்துக்கே உரியது என்பது விளங்கும்.

ஜனங்கள் அதிகம் செல்லாத மார்க்கத்தில் பெரிய விமானத்தை விட்டு, பாதி ஆசனங்களைக் காலியாகக் கொண்டுபோவதும், வேண்டாத பாரத்தைச் சுமப்பதுபோல, விரயமே ஆகும். 2024 நவம்பரில் ஐபீரியா கம்பெனி மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு ஒற்றை நடைபாதையுள்ள ஏ321 எக்ஸ்எல்ஆர் என்னும் சிறிய விமானத்தை விட்டதன் மூலம், அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடக்கப் பெரிய விமானம்தான் வேண்டும் என்பதில்லை என்று காட்டியது.

இன்று வாங்கப்படும் விமானம் இருபது ஆண்டுகளுக்கு மேலும் பறக்கக்கூடியது; ஆகவே தவறாகத் தேர்ந்தெடுப்பதன் தீமை ஒரு தலைமுறைக்கு நீடிக்கும். ஒவ்வொரு மார்க்கத்திலும் ஒவ்வொரு வகை விமானமும் தலைக்கு எவ்வளவு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதை டிக்கெட்டிலேயே அச்சிடும்படி அரசாங்கங்கள் சட்டம் செய்ய வேண்டும். அதிகம் எரிக்கும் விமானத்துக்கு இறங்கு கட்டணத்தையும் உயர்த்த வேண்டும். பிரயாணிகளாகிய நாமும், கட்டணத்தையும் நேரத்தையும் விசாரிப்பதுபோலவே, எந்த விமானம் என்பதையும் விசாரிக்கப் பழகினால், கம்பெனிகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீரவேண்டியிருக்கும்.