பாட்டால் மலையகத்தைத் தட்டி எழுப்பிய மீனாட்சி அம்மையார்



தாப்பாவிலிருந்து மலையேறி வருவோரை முதலில் வரவேற்கும் ஊர் நம் ரிங்லெட். 1929-ல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் இதன் அருகில்தான். கூடையைச் சுமந்து, பனியில் விரல் விறைக்கக் கொழுந்து கிள்ளிய நம் பாட்டிமார்கள் வாயை மூடிக்கொண்டா வேலை செய்தார்கள்? பிள்ளைக்குத் தாலாட்டு, திருவிழாவுக்குக் கும்மி, சாவுக்கு ஒப்பாரி என்று வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு பாட்டு இருந்தது.

"பாட்டுப் பாடினால் வயிறு நிறையுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கதை. நம்மைப் போலவே தேயிலை மலையில் வாழ்ந்த மக்களுக்காகத் தானே பாட்டுக் கட்டி, தானே மேடையேறிப் பாடிய ஒரு பெண்மணி இருந்தார். இலங்கை மலையகத்து மீனாட்சி அம்மையார் அவர்.

கண்டிச் சீமையின் நிலை

நம் முன்னோர்கள் மலாயாவுக்குக் கப்பல் ஏறியதைப் போலவே, அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கண்டிச் சீமைக்குப் போனவர்கள் பல லட்சம். அங்கேயும் கங்காணிதான் ஆள் கட்டினார். அங்கேயும் லயத்து வீடு, விடியற்காலைப் பிரட்டு, தீராத கடன். தோட்டம் துரையின் சொத்து. வெளியார் அவர் அனுமதியின்றி உள்ளே நுழைய முடியாது. தொழிலாளிக்கு நியாயம் சொல்ல வருபவனுக்கு வாசலிலேயே தடை!

தஞ்சைப் பக்கத்திலிருந்து அங்கே போன கோ. நடேசய்யர் இந்த நிலையைக் கண்டு கொதித்தார். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் புகுந்து மக்களின் நிலையை அறிந்தார் என்று இன்றும் மலையகத்தில் சொல்வார்கள். 1924-ல் அவர் தொடங்கிய 'தேசபக்தன்' பத்திரிகை தொழிலாளர் பக்கம் நின்று பேசியது. 1931-ல் அட்டன் நகரில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சங்கம் அமைத்தார்.

அவருடைய துணைவியார்தான் மீனாட்சி அம்மையார். பெண்கள் வாசலைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலத்தில், இவர் 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியப் பணியில் பங்கு கொண்டார். பெண்களின் உரிமை பற்றியும் எழுதினார்.

முதலில் பாட்டு, பிறகு பேச்சு

பத்திரிகை அச்சாகும்; ஆனால் அதைப் படிக்க எழுத்து தெரிய வேண்டுமே! லயத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மையார் இதற்கு ஒரு வழி கண்டார். மக்களுக்கு ஏற்கெனவே பழகிப்போன மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் தொழிலாளியின் குறையையும் உரிமையையும் வார்த்தைகளாக இட்டு நிரப்பினார். கூட்டத்தில் அவர் பாடுவார், அய்யர் பேசுவார். அவர் குரல் கேட்டுக் கூட்டம் கூடும்.

இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். பேச்சு பாதி வழியிலேயே மறந்து போகும். பத்திரிகையைத் துரை பறித்துக்கொள்ளலாம். ஆனால் தெரிந்த மெட்டில் வந்த பாட்டு கூட்டம் முடிந்த பிறகும் உதட்டில் நிற்கும். மறுநாள் கொழுந்து மலையில் ஒருத்தி முணுமுணுப்பாள். அடுத்த நிரையில் நிற்பவள் பிடித்துக்கொள்வாள். தடை போட்ட வாசலைப் பாட்டு தாண்டிவிடும். அமெரிக்காவில் ஜோ ஹில் என்ற தொழிலாளியும் இதைத்தான் செய்தார். தேவாலயப் பாட்டுகளின் மெட்டில் தொழிலாளர் பாட்டுகளைக் கட்டினார். 1915-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அவர் பாட்டுகள் நின்றன.

1940-ன் பாட்டுப் புத்தகம்

1939-ல் இலங்கை அரசு தன்னிடம் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. பதிலுக்கு இந்திய அரசு, கூலி வேலைக்காக யாரும் இலங்கை போகக் கூடாதென்று தடை விதித்தது. அந்தக் கொந்தளிப்பில்தான், 1940-ல், அம்மையாரின் பாட்டுகள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற புத்தகமாக வந்தன. உரிமை பறிபோகிறது, விழித்துக்கொள்ளுங்கள் என்பதே அவற்றின் சாரம்.

அவர் பயந்தது வீண் பயமா? இல்லை. 1947-ல் நடேசய்யர் காலமானார். அடுத்த ஆண்டே, 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் ஏறக்குறைய ஏழு லட்சம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. பாட்டால் சட்டத்தைத் தடுக்க முடியவில்லை. ஆனால் "இது அநியாயம்" என்று சொல்வதற்கு வார்த்தை இல்லாதிருந்த மக்களுக்கு அந்த வார்த்தையை அந்தப் பாட்டு கொடுத்தது. அது சின்னக் காரியமா?

நம் வீட்டுப் பாட்டு எங்கே?

பல ஆண்டுகளுக்குப் பிறகு சாரல் நாடன் போன்ற மலையக எழுத்தாளர்கள் தேடி எழுதியதால்தான் நடேசய்யர் தம்பதியின் பணியை இன்று நாம் அறிகிறோம். அச்சில் ஏறியதால் அம்மையாரின் பாட்டுகள் பிழைத்தன. அச்சில் ஏறாத பாட்டுகளின் கதி என்ன?

நம் ரிங்லெட் மலையையே பாருங்கள். கையால் கிள்ளிய இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. பிள்ளைகள் படித்துப் பட்டணம் போகிறார்கள். போகட்டும், அதுதானே நம் ஆசை! ஆனால் பாட்டியின் பாட்டு அவளோடு போய்விட்டால் மீண்டும் வருமா?

இன்றிரவு சோறு உண்ட பிறகு, பாட்டியின் அருகே போய் உட்காருங்கள். "நீங்கள் மலையில் பாடியதைக் கொஞ்சம் சொல்லுங்கள், பாட்டி" என்று கேளுங்கள். முதலில் வெட்கப்படுவார், விடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். ஒரு வரிதான் நினைவில் இருந்தாலும் அந்த ஒரு வரியை எழுதட்டும்.

மீனாட்சி அம்மையாருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.